அப்புச்சிக்கு, டுனெடினிலிருந்து

டுனெடின், நியூசிலாந்து
ஜூன், சனிக்கிழமை இரவு

அன்புள்ள அப்புச்சிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? செவலை கன்று போட்டுவிட்டதா? இங்கே கடுங்குளிர். காலை எட்டு மணிக்கும் விடிவதில்லை, சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஊரைத் தாண்டினால் மலைச்சரிவு முழுக்க ஆடுதான். நம் மேச்சேரி ஆடு மாதிரி இல்லை, உடம்பெல்லாம் கம்பளி. பார்த்ததும் நம் கொறங்காடு ஞாபகம் வந்தது. ஆனால் கிளுவை வேலி இல்லை, எங்கும் கம்பிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிம்பருப்பு சாதம் செய்துகொள்கிறேன்.

போன வாரம் போனில், "செல்லு ஒட்டறதப் பாக்க அவ்வளவு தூரம் போகோணுமா சாமி?" என்று கேட்டீர்கள். உடம்பிலிருக்கும் செல்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி, ஆனால் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

அம்மாயிக்குக் கட்டியை எடுத்து மூன்று வருடம் கழித்து, ஆஸ்பத்திரி வராண்டாவில் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "அறுத்தது நெஞ்சுல, வந்தது முதுகெலும்புலயா?" யாரும் பதில் சொல்லவில்லை. நான் அப்போது ப்ளஸ் டூ. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது, பெங்களூரில் பிஎச்.டி. முடித்தது, இங்கே வந்தது எல்லாமே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்.

நம் வீட்டுச் சுவரைக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் கட்டியதாகச் சொல்வீர்களே, உடம்பும் அப்படித்தான். ஒரு செல் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள்ள கேட்ஹெரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் பிடி நிற்க கால்சியம் வேண்டும், அதாவது சுண்ணாம்புச் சத்து. (அந்தச் சுவருக்கு சிமெண்ட் பூசப் போவதாக அம்மா சொன்னாள். வேண்டாம் அப்புச்சி, ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.)

இந்தக் கேட்ஹெரினைக் கண்டுபிடித்தவர் மசாதோஷி தகெய்ச்சி என்ற ஜப்பான்காரர். 1970களில் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போனார். கியோட்டோவில் ஒட்டிக்கொண்ட செல்கள் அங்கே ஒட்டவில்லை. ஏன் என்று துருவியதில், அங்கே செல்களைப் பிரிக்க ஊற்றும் கரைசலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் கலந்திருந்தது தெரிந்தது. வேறொருவராக இருந்தால் கரைசலை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அவர் போகவில்லை. கால்சியத்துக்கும் ஒட்டுவதற்கும் என்ன தொடர்பு என்று தேடித்தான் கேட்ஹெரினைக் கண்டுபிடித்தார்.

அதே மாதிரிக் கரைசலைத்தான் நானும் ஊற்றுகிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடுவையின் அடியில் செல்கள் ஓடு வேய்ந்தது போல நெருங்கிப் படுத்திருக்கும். ஊற்றியதும் விளிம்பு சுருங்கும், நடுவில் சந்து விழும். நாலைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு தனித்தனியாக மிதக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அம்மாயி ஞாபகம் வந்துவிடும்.

புற்றுச் செல்லில் பல நேரம் இந்தப் பிடிதான் போய்விடுகிறது. பிடி விட்ட செல் ரத்தத்தில் ஏறிப் போகிறது. போகிற இடமெல்லாம் முளைப்பதும் இல்லை. மார்புப் புற்று எலும்புக்குப் போவதை 1889லேயே லண்டனில் பேஜட் என்ற டாக்டர் கவனித்து, விதை எல்லாப் பக்கமும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊருக்கு ஏன் வந்தேன் என்றால், இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வயிற்றுப் புற்றுநோயில் போய்க்கொண்டிருந்தார்கள். சாபம் என்றுகூடச் சொன்னார்களாம். அந்தக் குடும்பத்தாரே ஆராய்ச்சிக்காரர்களைத் தேடி வந்தார்கள். 1998இல் இந்த ஊரில் இருக்கும் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபர்டும் கூட வேலை செய்தவர்களும் காரணத்தைச் சொன்னார்கள்: கேட்ஹெரினில் ஒரு வகையான ஈ-கேட்ஹெரினின் மரபணுவில் பிழை. இன்று அந்த வம்சத்தில் பிறந்தவர்கள் ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துகொண்டு, வேண்டுமானால் முன்கூட்டியே இரைப்பையை எடுத்துவிடுகிறார்கள். வயிறு இல்லாமல் வாழ்வது லேசு இல்லை. அதனால், பிடி போன செல்லை மட்டும் அழித்து மற்றதை விட்டுவைக்கும் மருந்து கிடைக்குமா என்று தேடுகிறோம். நான் செய்வதும் அதுதான்.

அம்மாயிக்கு இது உதவாது. தெரியும். ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு ஒரு பாதிப் பதிலாவது என்னிடம் இருக்கிறது.

நாளை ஞாயிறுதான், ஆனாலும் செல்களுக்குத் தீனி மாற்ற லேபுக்குப் போக வேண்டும். 37 டிகிரிப் பெட்டிக்குள் காத்திருக்கின்றன. மாட்டுக்கு லீவு உண்டா என்று கேட்பீர்களே, அதே கதைதான். கன்று போட்டதும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி