கடற்காற்று மின்திட்டம் பற்றிய கலந்துரையாடலை எங்கள் கரையிலேயே நடத்தக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஐயா/அம்மணி,

கடலில் காற்றாடி நடப்போகிறார்கள் என்ற பேச்சு சில மாதங்களாக எங்கள் மீன்வாடிகளில் அடிபடுகிறது. எங்கே, எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு என்பதை அறிவோம். அதற்கு நாங்கள் எதிரிகள் அல்லர். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகளைக் கரையில் கவிழ்த்துவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு, இறக்குமதி எண்ணெயை நம்பியிருப்பதன் வலியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் கவலை வேறு. பாக்குநீரிணையைப் போல எங்கள் கடல் ஆழம் குறைந்தது அல்ல. கரையைவிட்டுக் கொஞ்சத் தூரம் போனாலே ஆழ்ந்துவிடும். அடிநிலத்தில் கோபுரம் ஊன்ற முடியாத இடத்தில் மிதக்கும் காற்றாலைதான் வழி. 2017இல் ஸ்கொட்லாந்துக் கடலில் ஐந்து கோபுரங்களுடன் அப்படியொன்று இயங்கத் தொடங்கியது. அவை நங்கூரச் சங்கிலிகளில் நிற்பவை. சங்கிலி விரிந்து கிடக்கும் நீரில், நீரோட்டத்தோடு வலையை மிதக்கவிட்டு இரவைக் கழிக்க முடியாது. மின்வடம் கரையேறும் இடம் கரைவலை இழுக்கும் இடமான ஒரு பாட்டின் நடுவே அமைந்தால், அந்தப் பாட்டையே நம்பியிருக்கும் குடும்பங்கள் எங்கே போவது? 1942இல் எங்கள் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் எல்லா வரைபடத்திலும் இருக்கிறது. எங்கள் தகப்பன்மார் பெயர் வைத்த, மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்கள் எதிலும் இல்லை.

மன்னாரில் காற்றாலைகள் வந்த பின்னரே வெள்ளம் வடியவில்லை, மீன் குறைந்துவிட்டது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2025இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். கோபன்ஹேகன் நகருக்கு எதிரே 2000ஆம் ஆண்டு கட்டப்பட்ட மிடில்குருண்டன் காற்றாலைக்கோ முதலில் மூன்று வரிசையில் 27 கோபுரங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. மக்களைக் கேட்டபின் அது ஒரே வளைவில் 20 ஆனது. அதில் பாதி, பொதுமக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுக்குச் சொந்தம். இதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லச் சட்டம் 30 நாட்கள் தருகிறது. அந்த 30 நாளும் தொழில் காலத்தில் விழுந்தால், விடியுமுன் கடலுக்குப் போய் உச்சிவெயிலில் வலை உதறும் எங்களில் யார் அலுவலகத்துக்கு வந்து அறிக்கை வாசிப்பது? ஆகவே, இப்படியொரு திட்டம் எண்ணத்தில் இருந்தால், இடம் குறிக்குமுன் வாடைக்காற்றில் படகுகள் கரையில் கிடக்கும் மார்கழியில், ஒரு மாலைப்பொழுதில், இந்தக் கரையிலேயே கூட்டத்தை நடத்தித் தருமாறு கேட்கிறோம். தமிழில் நடக்க வேண்டும். கருவாடு போடும், மீன் விற்கும் பெண்களுக்கும் அழைப்பு வேண்டும். வீட்டுக் கணக்கு அவர்கள் கையில்தான். எங்கள் பார்களும் பாடுகளும் திட்ட வரைபடத்தில் பதியப்பட வேண்டும். பங்கு, நட்டஈடு பற்றிய பேச்சு அதன்பிறகு.

அளவெடுக்க வரும் அதிகாரிகளை எங்கள் படகிலேயே ஏற்றிச்சென்று இடங்களைக் காட்டுவோம். எரிபொருளும் எங்கள் செலவு. முதல்நாள் சொல்லியனுப்பினால் போதும்.

இங்ஙனம்,
கல்லடி, நாவலடிக் கரையோரக் கடற்றொழிலாளர்கள்

பிரதிகள்: கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம், மட்டக்களப்பு, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை.