நம் நிறத்துக்கு எந்த ஒளி என்று முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வயது 32. சென்ற வாரம் என் அக்கா மகள் ஒரு விளம்பரப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சித்தி, இதுக்குப் போகலாமா? அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்று கேட்டிருந்தாள். முகப்பருவுக்கு லேசர், முதல் முறை 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மட்டுமே என்று போட்டிருந்தது. படத்தில் சிரித்த பெண்ணுக்குப் பால் நிறம். என் அக்கா மகளுக்கு என் நிறம், நல்ல கறுப்பு. அவளுக்கு 17 வயதுதான் ஆகிறது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை அவள் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

2019இல் எனக்கு 26 வயது. பள்ளிப் பருவத்தில் வராத பரு அப்போதுதான் வந்தது. தாடையோரமாகக் கட்டி கட்டியாக, தொட்டால் காதுவரை வலிக்கும். அம்மா தேக்காச் சந்தையிலிருந்து கஸ்தூரி மஞ்சளும் சந்தனக் கட்டையும் வாங்கி வந்து தினமும் உரசிப் பூசிவிட்டார். "கல்யாணம் ஆனா தானா போயிடும்" என்று உறவில் எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்கு வீட்டு விசேஷங்களுக்குப் போகப் பிடிக்காமல் போனது. அந்த ஆண்டுக் கடைசியில் தம்பியின் திருமணம். அதற்குள் முகம் தெளியவேண்டும் என்று, வேலை முடிந்து வரும் வழியில் பார்த்த ஓர் அழகு நிலையத்துக்குள் நுழைந்தேன். எட்டு முறை, 1,280 வெள்ளி. அன்றே கட்டினால் இரண்டு முறை இலவசம் என்றார்கள். கட்டிவிட்டேன். என் தோலைத் தொட்டுப் பார்க்கும் முன்பே பணம் கைமாறிவிட்டது என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

முதல் இரண்டு முறை ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கண்ணை மூடிவிட்டு, கருவியை வைத்து அழுத்துவார்கள். மூடிய இமைக்குள்ளும் பளிச்சென்று வெளிச்சம் தெரியும். ரப்பர் பட்டையால் சுண்டிவிட்டதுபோல ஒரு சுருக். அவ்வளவுதான். மூன்றாம் முறை, "அக்கா, போன தடவை ரிசல்ட் கம்மி, கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். என்னைவிடச் சின்னவள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் செய்திருப்பாள். வலது கன்னத்தில் வைத்தபோது கடுகு தாளிக்கையில் எண்ணெய் தெறித்த மாதிரி இருந்தது. முடி கருகும் வாடை வந்தது. "சுடுது" என்றேன். "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள். நானும் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். வலது கன்னத்தில் நான்கு செவ்வகங்கள், படிக்கட்டுபோல ஒன்றன்கீழ் ஒன்று. சின்னத் தீப்பெட்டியின் பக்கவாட்டை அழுத்தி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஓரங்கள் அடிகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தன. ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து உள்ளே இளஞ்சிவப்புத் தெரிந்தது. அதற்கு அடுத்த வாரம் அந்த இளஞ்சிவப்பு கறுத்தது. என் நிறத்தையும் தாண்டிய கறுப்பு. அந்த நிலையத்தில் கேட்டதற்கு, கறுத்துத்தான் வெளுக்கும் என்று சொல்லி இரண்டு ஃபேஷியல் இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள்.

அந்த மாதம் வகுப்பில் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயதுப் பையன் ஒருவன் மடியில் வந்து உட்கார்ந்து, என் கன்னத்தை விரலால் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. டீச்சர் முகத்துல நாலு ஜன்னல்" என்றான். சரியாக எண்ணிவிட்ட மகிழ்ச்சி அவனுக்கு. "சரியா சொன்னே கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். தம்பியின் திருமணப் படங்களில் நான் இருப்பதெல்லாம் இடது கன்னம் மட்டும் தெரியும் முகமாகத்தான் இருக்கும்.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் மாண்டலே சாலையில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்குப் போனேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கருவி?" எனக்குத் தெரியவில்லை. ரசீதை நீட்டினேன். அதில் லேசர் என்று மட்டும் இருந்தது. அவர் விளக்கைக் கன்னத்துக்கு அருகே கொண்டுவந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த வடிவத்தைப் பார்த்தால் லேசராகவே தெரியவில்லை, ஐபிஎல் என்கிற தீவிர ஒளித்துடிப்புக் கருவியாக இருக்கவேண்டும், அதன் முனைதான் இப்படிச் செவ்வகமாக இருக்கும் என்றார். 1,280 வெள்ளி கொடுத்து நான் வாங்கியதன் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். லேசர் என்பது ஒரே அலைநீள ஒளி. ஐபிஎல் அப்படியில்லை. ஏறக்குறைய 500 முதல் 1,200 நானோமீட்டர்வரை (அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) பல அலைநீளங்கள் கலந்து வரும். நம் தோலுக்கு நிறம் தருகிற மெலனின் ஒளியை உறிஞ்சும், அதிலும் குறைந்த அலைநீள ஒளியை நிறையவே உறிஞ்சும். வெளுத்த தோலில் ஒளி மேலடுக்கைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. கறுத்த தோலில் மேலடுக்கிலேயே மெலனின் அதைக் குடித்துவிடுகிறது. குடித்த ஒளி வெப்பமாகிறது, தோல் வெந்துபோகிறது. வெந்த இடத்தில், தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் மெலனினைச் சுரக்கிறது. அதனால்தான் அந்த இடம் கறுக்கிறது. தோலை வகை பிரிக்கும் முறையை ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இலேயே தொடங்கிவிட்டார், கறுத்த தோலுக்கான வகைகள் பின்னர் சேர்ந்து இப்போது மொத்தம் ஆறு வகை. நான் ஐந்தாம் வகை. நம்மில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள்தான் வருவோம். இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அந்த நிலையத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

பருவுக்கு அவர் கொடுத்தது மருந்துதான். காலையில் பென்சாயில் பெராக்ஸைடு, இரவில் அடாபலீன், இரண்டும் மேலே பூசும் மருந்து. எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரந்து, இறந்த செல்களும் சேர்ந்து துளை அடைத்துக்கொள்வதுதான் பருவின் தொடக்கம், அந்த அடைப்பை எடுக்காமல் மேலே வெளிச்சம் அடிப்பதில் என்ன பயன் என்று கேட்டார். பென்சாயில் பெராக்ஸைடு பட்டு என் நீலத் தலையணை உறையெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்தது. அம்மா துவைக்கும் இயந்திரம் கெட்டுவிட்டதென்று ஆள் கூப்பிடப் போனார். சில மாதங்கள் கழித்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. அது லேசான மருந்து இல்லை. கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெருங்கேடு செய்யும் என்பதால், சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனை செய்து ஈரலையும் கொழுப்பையும் பார்த்தார்கள். உதடு வெடித்து, சிரித்தால் இரத்தம் வரும். எட்டு மாதம் சாப்பிட்டேன். பரு நின்றது.

2020 ஏப்ரலில் முகக்கவசம் கட்டாயமானபோது என் சக ஆசிரியைகள் மூச்சு முட்டுகிறது என்றார்கள். எனக்கு நான்கு ஜன்னலையும் மூடிக்கொள்ளக் கிடைத்தது. அந்தக் கறை மங்க ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குள் ஒரு தோழி, ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று இணையத்தில் வாங்கிய கிரீம் ஒன்றைத் தந்தாள். நல்லவேளை, தடவும் முன் மருத்துவரிடம் காட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவைத் தொடாதீர்கள் என்றார். இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

லேசரே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பரு போனாலும் குழிகள் இருந்தன. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதத்துக்கும் மேல் கழித்து, ஒரு தோல் நிபுணரிடம் 1,550 நானோமீட்டர் பிராக்ஷனல் லேசர் (தோலில் நுண்புள்ளிகளாக மட்டும் படும் லேசர்) செய்துகொண்டேன். அந்த அலைநீளம் மெலனினைக் குறிவைப்பதில்லை, தோலில் உள்ள நீரைத்தான் சூடாக்கும். அவர் முதல் நாளில் முகத்தைத் தொடவே இல்லை. காதுக்கு முன்னால், முடி மறைக்கும் இடத்தில், ஐந்து காசு அளவுக்கு ஒரு சோதனைப் புள்ளி மட்டும் போட்டார். "ஆறு வாரம் கழிச்சு வாங்க. அது கறுக்கலேன்னா பார்க்கலாம்" என்றார். ஆறு வாரமும் தினமும் அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். கறுக்கவில்லை.

அதன்பிறகுதான் முகம். மரத்துப்போகும் கிரீமைத் தடவி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். கண்ணுக்கு உலோக மூடி. ஒரு குழாய் வழியாகக் குளிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஆயிரம் ஊசி ஒன்றாக எறும்பாய்க் கடிப்பதுபோல் இருந்தது, ஆனால் பொறுக்க முடிந்தது. "சுடுது" என்று நான் சொன்னதும் கை நின்றது. அந்த ஒரு நொடியை நான் மறக்கமாட்டேன். அடுத்த ஒரு வாரம் முகம் மணல்தாள்போலச் சொரசொரவென்று இருந்து உரிந்தது. இரண்டு மாத இடைவெளியில் நான்கு முறை செய்தேன். குழி பாதி மேலே வந்திருக்கிறது. முழுவதும் போகவில்லை, போகும் என்று அவரும் சொல்லவில்லை. கையிலிருந்த பணம்தான் செலவானது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்பைத் தொட முடியாது.

பருவுக்கென்றே எண்ணெய்ச் சுரப்பியைக் குறிவைக்கும் 1,726 நானோமீட்டர் லேசருக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதனால் பருவுக்கு லேசர் என்று யாராவது சொன்னால் அதைப் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. எந்த லேசர், எத்தனை நானோமீட்டர், யார் கையில் என்று கேட்கவேண்டும். மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், தோல் நிபுணரா என்பதும் அதில் தெரியும். இரண்டு நிமிட வேலை. பணத் தகராறு என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. நான் அங்கு போகவில்லை. வெட்கப்பட்டேன். எஞ்சிய ஐந்து முறைக்கான பணம் போனது போனதுதான்.

ஒளிக்கருவி வைத்திருக்கும் எல்லா நிலையங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் எந்த அளவில் வைத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எங்கள் கையில் கொடுங்கள். என்னிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் மருத்துவர் என் கன்னத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. பணம் வாங்கும் முன் சோதனைப் புள்ளி போடுங்கள். உங்கள் சுவரில் எங்கள் நிறத்தில் ஒரு முகத்தின் படத்தையாவது மாட்டுங்கள், முன்னும் பின்னும். அப்படிப்பட்ட படம் உங்களிடம் இல்லையென்றால், அதையும் எங்களிடம் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தரவேண்டும் என்று சுகாதார அமைச்சையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அழகு நிலையத்தில் முதல் முறை செய்துகொள்ளப் போன அன்று என்னுடன் அம்மாவும் வந்திருந்தார். பொடி எழுத்தில் இரண்டு பக்கம் இருந்த அந்தப் படிவத்தை நான் அவசரமாகப் புரட்டிக் கையெழுத்திட்டேன். தமிழில் இருந்திருந்தால் அம்மா ஒரு வரி விடாமல் படித்திருப்பார். நாளிதழை அப்படித்தான் படிப்பார்.

என்னைப்போல் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு படம் எடுத்த வாசகர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் எழுதவேண்டும். நம் வீடுகளில் இதைப் பேச ஆளில்லை.

அந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு என் அக்கா மகளையே கேட்கச் சொன்னேன். "எந்தக் கருவி, எத்தனை நானோமீட்டர், என் நிறத்துக்குச் சோதனைப் புள்ளி போடுவீர்களா" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, தன் முகத்தின் படத்தையும் அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. இந்த வாரம் இரண்டு இடம்தான் மீதம், எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தார்கள். அக்காவிடம் நானே பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை மூவரும் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
பாலர் பள்ளித் தமிழ் ஆசிரியை
உட்லண்ட்ஸ்
(பிள்ளைகளின் பெற்றோர் என்னை அறிவார்கள் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)