கிளப்பின் கதவும் தோலின் நிறமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளியான கடிதம் ஒன்றில், யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று முடிவெடுக்கும் உரிமை சங்கத்தாருக்கே உரியது என்றும், பிரிட்டன் போன்ற நாடுகளின் பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் அந்த உரிமையைப் பறித்து, பிடிக்காதவர்களோடு பழகும்படி மக்களைக் கட்டாயப்படுத்துகின்றன என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கிழக்கு லண்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து ஊர் திரும்பியவன் நான். அவர் சொல்வதில் பாதி சரி. வழக்கெல்லாம் மறுபாதியில்தான் இருக்கிறது.

நான் குடியிருந்த ஈஸ்ட் ஹாமிலிருந்தே தொடங்குகிறேன். இன்று அங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில் முருங்கைக்காய் கிடைக்கும். தமிழிலேயே பேசி ஒரு நாளை ஓட்டிவிடலாம். 1960களின் இறுதியில் அதே ஈஸ்ட் ஹாமில் இருந்த, கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவாளர்களின் கிளப் ஒன்றில் உறுப்பினராகச் சேர இந்திய வம்சாவளியினர் ஒருவர் விண்ணப்பித்தார். அவர் அந்தக் கட்சியின் ஆதரவாளர். கிளப்பின் விதிகளில் கேட்டிருந்த தகுதியும் அவருக்கு இருந்தது. நிர்வாகக் குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தபோது, விண்ணப்பித்தவரின் தோல் நிறமும் கணக்கில் வரும் என்று சொன்ன தலைவர், தமது தனி வாக்கைப் போட்டு அவரை வெளியே நிறுத்தினார். இனப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்க அமைக்கப்பட்டிருந்த இன உறவு வாரியம் 1968-ஆம் ஆண்டு இன உறவுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. வழக்கு அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை சென்று, 1973-இல் கிளப்புக்குச் சாதகமாக முடிந்தது. அந்தச் சட்டம் பொதுமக்களுக்கோ பொதுமக்களில் ஒரு பகுதியினருக்கோ வழங்கப்படும் வசதிகளில் மட்டுமே பாகுபாட்டைத் தடுத்தது. உறுப்பினர்களை உண்மையிலேயே பொறுக்கியெடுத்துச் சேர்க்கும் கிளப் பொதுமக்களில் ஒரு பகுதி ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள்.

அடுத்த ஆண்டே இன்னொரு தீர்ப்பு வந்தது. பிரெஸ்டன் நகரில் துறைமுகத் தொழிலாளர்களின் பெயரால் நடந்த கிளப் ஒன்றிலிருந்து கறுப்பினத்தவர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். அவர் தெருவில் போனவர் அல்லர். அதே ஊரில் வேறொரு கிளப்பின் உறுப்பினர். ஏறத்தாழ 4,000 கிளப்புகள் சேர்ந்த ஒன்றியம் ஒன்றின் இணை உறுப்பினர் என்ற முறையில், அவற்றில் எதற்குள்ளும் விருந்தினராகச் செல்ல அவருக்கு வழி இருந்தது. அப்படிப் பத்து லட்சம் பேருக்குத் திறந்திருந்த கதவையும் பிரபுக்கள் அவை தனிப்பட்ட கதவு என்றே முடிவு செய்தது. தொழிலாளர் கிளப் என்றால் அன்றைய இங்கிலாந்தில் என்ன பொருள் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பல ஊர்களில் மாலையில் மலிவாகக் குடிக்க, சீட்டாட, வேலை எங்கே கிடைக்கிறது என்று காதில் போட்டுக்கொள்ள இருந்த இடம் அதுதான். அங்கே இடமில்லாதவனுக்கு ஊரிலேயே பாதி இடமில்லை.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகுதான் 1976-ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் வந்தது. 25 உறுப்பினர்களோ அதற்கு மேலோ கொண்ட சங்கங்கள் இனத்தையும் நிறத்தையும் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்று அது விதித்தது. கடிதம் எழுதிய அன்பர் இந்த எண்ணைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வீட்டு வரவேற்பறையில் கூடும் பத்துப் பேரின் சீட்டாட்டத்தில் சட்டம் தலையிடவில்லை. திருமண விருந்துக்கு யாரை அழைப்பது, யாரோடு காப்பி குடிப்பது என்றும் அது கேட்கவில்லை. விதிப்புத்தகம், சந்தா, தேர்வுமுறை எல்லாம் வைத்துக்கொண்டு நடக்கும் அமைப்பை மட்டுமே அது கேள்வி கேட்டது. 25 என்பதில் புனிதம் ஒன்றும் இல்லை. 24 பேர் உள்ள கிளப்பில் நிறவெறி இனிக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்காவது ஓரிடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்?

அமெரிக்காவில் உள்ள சேரும் உரிமையைப் பற்றியும் அன்பர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சங்கமாகச் சேரும் உரிமையை முதன்முதலில் அழுத்தமாக நிலைநாட்டியது 1958-இல். அதைக் கேட்டு வென்றவர்கள் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பினர். உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று அலபாமா மாநில அரசு கேட்டது. பட்டியல் வெளியே போனால் உறுப்பினர்களின் வேலையும் உயிரும் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அமைப்பு மறுத்தது. அதற்கு 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பட்டியலைக் கொடுக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாளில் வர்ஜீனியாவின் தனியார் பள்ளிகள் வந்து, கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்காதிருப்பது எங்கள் சேரும் உரிமை என்று வாதாடின. 1976-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இனங்கள் பிரிந்திருப்பதே நல்லது என்று கற்பிக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் வேற்றினக் குழந்தையை வாசலில் தடுக்கும் செயலுக்கு அந்த உரிமை கவசம் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கிளப் என்ற பெயர்ப்பலகைக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஆர்கன்சா மாநிலத்தின் லேக் நிக்சன் கிளப் நல்ல சாட்சி. லிட்டில் ராக் நகருக்கு வெளியே நீச்சல், படகு, நடனம், சிற்றுண்டிக் கடை எல்லாம் உள்ள பொழுதுபோக்கு இடம் அது. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் உண்மையான தனியார் கிளப்புகளுக்கு விலக்கு அளித்ததால், அதன் உரிமையாளர்கள் வாசலில் 25 சென்ட்டுக்கு உறுப்பினர் அட்டை விற்றார்கள். வெள்ளையராக இருந்தால் அட்டை கிடைக்கும். கறுப்பினத்தவர் வந்தால் இடம் நிரம்பிவிட்டது என்பார்கள். பருவத்துக்குச் சுமார் 1,00,000 பேர் வந்துபோன அந்த இடத்தை 1969-இல் உச்ச நீதிமன்றம் கிளப்பாகக் கருத மறுத்தது. கால் டாலரில் வாங்கிய நட்பு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அன்பரின் வாதத்தில் எது சரி என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றாகச் சேர்பவர்களுக்கு, தங்கள் நோக்கத்துக்கு எதிரானவரை விலக்கி வைக்கும் உரிமை வேண்டும். இல்லாவிட்டால் சங்கம் சந்தையாகிவிடும். பிரிட்டனின் ரயில் ஓட்டுநர் சங்கமான அஸ்லெஃப், இனவெறிக் கொள்கை கொண்ட பிரிட்டிஷ் தேசியக் கட்சிக்காகத் தேர்தலில் நின்ற உறுப்பினர் ஒருவரை 2002-இல் நீக்கியது. கட்சி உறுப்பினர் என்பதற்காக ஒருவரைத் தொழிற்சங்கத்திலிருந்து நீக்குவதை நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் சங்கத்தின் பக்கம் நின்றது. சேரும் உரிமைக்குள் சேர்க்காதிருக்கும் உரிமையும் அடக்கம் என்று அது ஏற்றது. அன்பர் கேட்கும் உரிமை இதுவே. நானும் அதற்குக் கைதூக்குவேன். அந்த ஓட்டுநர் நீக்கப்பட்டது அவர் தேர்ந்தெடுத்த கொள்கைக்காக. ஈஸ்ட் ஹாம்காரரிடம் கொள்கையில் குறை இல்லை. கிளப்பின் கொள்கையே அவருடைய கொள்கையும். கன்சர்வேட்டிவ் அரசியல் பேச வெள்ளைத் தோல் எதற்குத் தேவை என்று யாராவது அந்தத் தலைவரைக் கேட்டிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் வழக்கில் எனக்கே சற்றுத் தயக்கம் உண்டு. வெள்ளையரை மட்டும் சேர்க்கும் அதன் விதியை எதிர்த்துச் சமத்துவ ஆணையம் 2009-இல் நீதிமன்றம் சென்றது. 2010-இல் கட்சி விதியை மாற்றி எல்லாருக்கும் கதவைத் திறந்ததாகச் சொல்லிக்கொண்டது. ஆனால் புதிய உறுப்பினரின் வீட்டுக்குக் கட்சியினர் இருவர் வந்து பார்ப்பார்கள் என்றொரு விதியைச் சேர்த்திருந்தார்கள். நீதிபதி அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வெற்றியால் என் போன்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? அந்தக் கட்சியில் சேர எனக்கு உரிமை வந்துவிட்டது என்று நான் ஒருநாளும் மகிழ்ந்ததில்லை. நிறவெறியே நோக்கமாக உள்ள அமைப்பை அதன் வாசலைத் திருத்திச் சீராக்க முடியாது. ஆயினும் வாக்குச் சீட்டில் இடம் கேட்கும் கட்சி வீட்டு வரவேற்பறை அன்று என்பதால், தீர்ப்பு தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

இனி நம்மவர் பக்கம். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் ஒரு விலக்கு உண்டு. ஒரே இனப் பின்னணி கொண்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்ளலாம். ஆகவே தமிழர் சங்கம் தமிழருக்கு மட்டும் என்று இருக்கலாம். ஆனால் நிறத்தை அடையாளமாக வைத்துச் சங்கம் நடத்த முடியாது. இந்த நுணுக்கம் எனக்குப் புரிந்தது சட்டப் புத்தகத்தைப் படித்து அல்ல.

தொண்ணூறுகளில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகனை அழைத்துவரும் தாய் ஒருவர் உறுப்பினர் படிவம் கொடுத்திருந்தார். கரீபியன் குடும்பத்தில் பிறந்தவர், கணவர் யாழ்ப்பாணத்தார். மகனோடு உட்கார்ந்தே எழுத்துப் படித்தவர், படிவத்தைத் தமிழில் நிரப்பியிருந்தார். "கிழக்கு லண்டன்" என்பதில் ழகரம் லகரமாகியிருந்தது. சங்கத்தின் விதியில் "தமிழ் மொழியில் ஆர்வம் உள்ளோர்" என்றுதான் இருந்தது. குழுவில் ஒருவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "கறுப்பியைச் சேர்த்தால் ஊர்க்காரர்கள் யாரும் வர மாட்டார்கள்" என்றார். தமிழர் அல்லர் என்றுகூடச் சொல்லவில்லை, நிறத்தைத்தான் சொன்னார். அவருடைய நிறமும் என் நிறமும் அந்தப் பெண்ணின் நிறத்துக்கு அதிகத் தூரத்தில் இல்லை. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று படிவம் கோப்புக்குள் போயிற்று. நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அது எடுக்கப்படவில்லை. தீபாவளிக்குப் பிறகு பையனும் வகுப்புக்கு வரவில்லை.

பிரிட்டனில் சாதியும் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வி பல ஆண்டுகளாக இழுபறியில் இருக்கிறது. இனம் என்பதன் வரையறைக்குள் சாதியைச் சேர்க்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்தது. 2013-இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாக்கியது. 2014-இல் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கில், சில சூழல்களில் இன மூலம் என்ற சொல்லுக்குள்ளேயே சாதி அடங்கக்கூடும் என்று வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அதுவே போதும், தனிச் சட்டம் வேண்டாம் என்று 2018-இல் அரசு கைகழுவியது. அப்போது தனிச் சட்டம் கூடாது என்று வாதாடியவர்களில் இந்திய வம்சாவளி அமைப்புகளும் இருந்தன. ஈஸ்ட் ஹாம் கிளப்பின் வாசலில் நம்மவர் ஒருவர் நின்ற கதையை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அன்பர் மறுமொழி எழுதுவாரானால் ஒன்றை மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன்: அந்தத் தாயின் படிவம் அவர் மேசைக்கு வந்திருந்தால், சங்கத்தின் எந்த நோக்கத்தைக் காட்டி அவர் அதைத் திருப்பி அனுப்பியிருப்பார்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி