வளர்ந்தால் எவ்வளவு பெரிது என்று எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொளத்தூர் மாதிரி அலங்கார மீன் சந்தைகளுக்கு முதல் உப்புநீர்த் தொட்டி வாங்க வருகிறவர்கள், வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளியோடு நெளியும் களவா மீன் குஞ்சைப் பார்த்தால் மயங்கிவிடுவார்கள். அது 70 செ.மீ. வரை வளரும்! இரண்டடித் தொட்டியில் அடைப்பது கொடுமை. உப்புநீர் நிரப்பிய அன்றே மீனை விடவும் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவும் களவா மாதிரி வேட்டை மீன்கள் என்றால் கழிவு அதிகம். லயன்ஃபிஷ் என்ற இன்னொரு வேட்டை மீனுக்கு முதுகு முள்ளில் விஷம் வேறு. வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டாமா? வளர்ந்த மீனின் நீளத்தைத் தொட்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று மீன்வளத் துறை கட்டாயமாக்கட்டும்.

ஒரு வாசகர், சென்னை