எரிந்த காட்டையும் முதற்பக்கத்தில் காட்டுங்கள்: கனடாவின் சுற்றாடல் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுற்றாடல், காலநிலை மாற்ற அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் தேசியப் பச்சைவீட்டு வாயு அறிக்கையைத் தேடி வாசிக்கும் பழக்கமுள்ள குடிமகன் ஒருவன் இம்மடலை எழுதுகிறேன். 2023ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த வெளியேற்றம் 694 மில்லியன் தொன் என்றும், இது 2005ஆம் ஆண்டைவிட 8.5 சதவீதம் குறைவு என்றும் அறிவித்திருந்தீர்கள். நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட்டது உட்பட அந்தக் குறைவுக்குப் பின்னாலுள்ள உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதே 2023இல் இந்த நாட்டில் ஏறத்தாழ 15 மில்லியன் ஹெக்டெயர் காடு எரிந்ததையும், அந்தப் புகையில் ஒரு தொன்கூட அந்த 694க்குள் இல்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

செய்மதி அளவீடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2024இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு, அவ்வாண்டு மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் காடுகள் வெளியிட்ட காபன் சுமார் 647 மில்லியன் தொன் எனக் கணித்தது. எரியும்போது அதனுடன் சேரும் ஒட்சிசனின் எடையையும் கூட்டிக் காபனீரொட்சைட்டாகக் கணக்கிட்டால் அது 2,300 மில்லியன் தொன்னைத் தாண்டும். நீங்கள் அறிவித்த தொகையின் மூன்று மடங்குக்கும் அதிகம். சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே எரிபொருள் எரித்து ஓராண்டில் அதைவிட அதிகமாக வெளியிடுகின்றன.

நீங்கள் எதையும் ஒளித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிலப் பயன்பாடு பற்றிய அத்தியாயத்தை இறுதிவரை பொறுமையாக வாசிப்பவருக்கு, இயற்கை இடையூறுகள் என்ற தலைப்பின் கீழ் தீயின் கணக்கும் கிடைக்கத்தான் செய்கிறது. மனிதச் செயலால் வரும் வெளியேற்றத்தைத் தனியே காட்டச் சர்வதேச வழிகாட்டல்களும் இடமளிக்கின்றன. எனினும், எரிந்த காடு மறுபடி வளர்ந்து வெட்டத்தக்க வயதை எட்டியதும் அது உறிஞ்சும் காபன் மட்டும் மனித நிர்வாகத்தின் பலனாக வரவு வைக்கப்படுகிறதே, அதை எப்படி விளங்கிக்கொள்வது? வரவை ஒரு கொப்பியிலும் செலவை வேறொரு கொப்பியிலும் எழுதி, முதற் கொப்பியை மட்டும் வங்கிக்கு எடுத்துச் செல்லும் கடைக்காரருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

2023இல் எரிந்த பரப்பில் பெரும்பகுதி மின்னலால் பற்றியது, உண்மைதான். ஆனால் பதிவுகளில் இல்லாத வெப்பத்தில் காடு உலர்ந்து கிடந்ததற்கு மின்னல் பொறுப்பல்ல. அது ஒரே ஓர் ஆண்டின் விபத்தும் அல்ல. முன்பு மோசமான ஆண்டுகள் எனப்பட்ட 1989இலும் 1995இலும் எரிந்தது 7 மில்லியன் ஹெக்டெயர் அளவில்தான். 2024இல் 5 மில்லியனுக்கு மேலும், 2025இல் 8 மில்லியனுக்கு மேலும் எரிந்துவிட்டன. உலகளவில் 2001க்கும் 2023க்கும் இடையே காட்டுத்தீயின் காபன் வெளியேற்றம் 60 சதவீதம் கூடியிருக்க, எங்கள் காடுகளும் அடங்கும் வடபுலக் காடுகளில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகியுள்ளது. காடு மீண்டும் முளைக்கும், கணக்கு நேராகிவிடும் என்ற ஆறுதலும் இனிப் போதாது. இங்கே எரிவது மரம் மட்டுமல்ல. பல தலைமுறைகளாகச் சேர்ந்த பாசியும் மக்கும் கரிநிலமும் எரிகின்றன. 2023இல் பற்றிய தீ சில இடங்களில் பனிக்கு அடியிலேயே குளிர்காலம் முழுவதும் கனன்று, 2024 வசந்தத்தில் திரும்பவும் எழுந்தது. அந்த மண் மீண்டும் சேர்வதற்குள் அடுத்த தீ வந்துவிட்டால் போன காபன் போனதுதான்.

2023 யூனில் கியூபெக்கில் எரிந்த காட்டின் புகை எங்கள் வீட்டுக்குள் வந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குளிரூட்டி இல்லாத பழைய தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். அம்மாவுக்கு நெடுநாளாக முட்டு வருத்தம் (ஆஸ்மா). யன்னலைத் திறந்தால் புகை, பூட்டினால் புழுக்கம். கதவின் அடியில் ஈரத்துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மூச்சுக்கு இழுக்கும் மருந்துப் பம்பின் முதுகில் மீதி மருந்தைக் காட்டும் சிறிய இலக்கம் குறைந்துகொண்டே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரவில் அவரால் படுக்க முடியவில்லை. இரண்டு தலையணைகளில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே விடியும்வரை இழுத்து இழுத்து மூச்சுவிட்டார். வடக்கே யெலோநைஃப் நகரத்து மக்கள் முழுவதும் தீயால் வெளியேற்றப்பட்ட அந்த ஆண்டில் எங்கள் சிரமம் மிகச் சிறியது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய நெஞ்சுக்குள் போன புகை, உங்கள் அறிக்கை பிரிப்பதுபோல், நிர்வகிக்கப்படும் காட்டிலிருந்து வந்ததா நிர்வகிக்கப்படாத காட்டிலிருந்து வந்ததா என்று எந்த அட்டவணையும் பார்த்துவிட்டுப் போகவில்லை. வளிமண்டலமும் பார்ப்பதில்லை.

எண்ணெய்க் குழாய் ஒன்றை வாங்கி விரிவாக்க 34 பில்லியன் டொலர் வரை செலவிட்ட அரசுக்கு, ஓர் அறிக்கையின் முதற்பக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்ப்பது எப்படிப் பெருஞ்செலவாகிறது என்று தெரியவில்லை. வாகன எரிபொருள் மீதான காபன் கட்டணத்தை 2025 ஏப்ரலில் நீக்கியபோது காட்டிய வேகத்தில் பாதியேனும் இதில் இருந்திருக்கலாம். மன்னிக்கவும், குழாய் உங்கள் அமைச்சின் பொறுப்பல்ல, அறிக்கை உங்களுடையது.

ஆகவே பணிவுடன் கேட்பது இதுதான். மொத்த வெளியேற்றம் அச்சாகும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அவ்வாண்டின் காட்டுத்தீ வெளியேற்றத்தையும் அச்சிடுங்கள். 1990 முதல் இன்றுவரையான தீயின் போக்கைக் காட்டும் வரைபடத்தை அதன் கீழே வையுங்கள். மறுவளர்ச்சியின் வரவை எழுதும் பக்கத்திலேயே எரிந்ததன் செலவையும் எழுதுங்கள். 2030க்குள் வெளியேற்றத்தைக் குறைக்கும் இலக்கைத் தீயையும் சேர்த்துத் திருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மக்கள் அந்த இரு எண்களையும் ஒரே பார்வையில் காண வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அடுத்த அறிக்கையிலேயே இதைச் செய்ய முடியுமா, முடியாதெனில் ஏன் என்பதை எழுத்தில் அறியத் தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஸ்காபரோ வாக்காளர் ஒருவர்