எஃப்.சி. லாரிக்கு மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அன்பர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்பே ஒழுங்காக நடந்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனை, சட்டத்தில் இருந்தும் நடைமுறையில் வெறும் காகிதமாகிக் கிடக்கிறது என்பதை, நீடாமங்கலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதியவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போக்குவரத்து வாகனம் ஓட்ட உரிமம் எடுப்பவரும் புதுப்பிப்பவரும் ‘படிவம் 1-ஏ’ என்ற மருத்துவச் சான்றைத் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, கடுமையான நிறக்குருடு உண்டா, மாலைக்கண் உண்டா, ஹாரன் காதில் விழுமா, கை கால்களில் ஊனம் உண்டா என்றெல்லாம் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கேள்விகள் நல்ல கேள்விகள்தாம். ஆனால் பல இடங்களில் படிவமும் புகைப்படமும் பணமும் ஏஜென்ட் கையில் மருத்துவரிடம் போகின்றன, ஓட்டுநர் போவதில்லை. ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் பதில் எழுதிய சான்றுகள் என் மேசைக்கு வந்ததுண்டு. எல்லா மருத்துவர்களும் அப்படியல்லர். நேரில் வந்தால்தான் கையெழுத்து என்று ஆளைத் திருப்பி அனுப்பியவர்களையும் அறிவேன். அவர்களிடம் ஏஜென்ட்டுகள் மறுமுறை போவதில்லை.

தை, மாசி அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றிவரும் லாரிகள் கிடங்கு வாசலில் வரிசை கட்டி நிற்பதைத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்துக்காரர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் எடைச்சீட்டை வாங்கிய ஓட்டுநர் அதை முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார், கண்ணைச் சுருக்குவார், பிறகு “எவ்வளவு போட்டிருக்கான், படிடா” என்று கிளீனரிடம் நீட்டிவிடுவார். நாற்பது வயதுக்கு மேல் வரும் சாதாரண வெள்ளெழுத்தாகவே அது இருக்கலாம். தூரத்துப் பார்வை நன்றாகவே இருக்கலாம். சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டிருக்கவும் கூடும். எது என்பதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சர்க்கரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படிவம் 1-ஏ இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை எதையும் கேட்பதில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வண்டி நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்தால், வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, குடித்தவரைப் போலவே காணப்படுவார். ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள் கதவைத் தட்டும் நேரத்தில் ஓட்டுநர் எந்த ஊர்ச் சுங்கச்சாவடியில் நிற்பாரோ!

எட்டு ஆண்டுகளைத் தாண்டிய லாரி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும். பிரேக், விளக்கு, டயர் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அதே லாரியை ஓட்டுபவரின் உரிமமோ, முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது, 2019 சட்டத் திருத்தத்தால் ஐந்து ஆண்டுகளாக நீண்டுவிட்டது. அலுவலக அலைச்சல் குறைந்தது என்று ஓட்டுநர்கள் மகிழ்ந்தார்கள். உடம்பைப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அதனோடு தள்ளிப்போனது.

இனிப் போதைப்பொருள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு மதுவுக்கு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று தெளிவான வரம்பு வைத்திருக்கிறது. மற்ற போதைகளுக்கு அப்படி எண் எதுவுமில்லை; வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மயக்கத்தில் இருந்தாரா என்றே கேட்கிறது. கஞ்சாவையோ, போதைக்காக விழுங்கும் வலி மாத்திரைகளையோ ஊதும் கருவி கண்டுபிடிக்காது. சிறுநீரைச் சோதித்தால் கஞ்சாவின் சுவடு பல நாள் கழித்தும் தெரியும் என்பதால், அதைக் கொண்டு மட்டும் அன்று போதையில் ஓட்டினார் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர்களைக் குலுக்கல் முறையில் அழைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் மாதிரியை இரண்டு குப்பிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். ஓட்டுநர் முடிவை ஏற்க மறுத்தால் இரண்டாவது குப்பி வேறு ஆய்வகத்துக்குப் போகும். முதல் முடிவையும் ஒரு மருத்துவர் பார்த்து, வேறு சிகிச்சைக்கான மருந்தால் வந்ததா என்று ஓட்டுநரிடமே விசாரிக்கிறார். சிகிச்சை முடித்து மறுசோதனையில் தேறியவர் வேலைக்குத் திரும்பவும் வழியிருக்கிறது. நாமும் பரிசோதனை வைத்தால் இந்தப் பாதுகாப்புகளோடுதான் வைக்க வேண்டும். சோதனைச்சாவடியில் ஒரு சோதனைப் பட்டையைக் காட்டிப் பிழைப்பைப் பறிக்கும் முறையாக அது ஆகிவிடக் கூடாது.

நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பகலெல்லாம் இறக்குக் கூலிக்காரருக்காகக் காக்கவைத்து, இரவில் அடுத்த நடைக்கு விரட்டினால், தூக்கத்தை விரட்ட எதையாவது வாயில் போட்டுக்கொள்ளத்தான் செய்வார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் ஓட்டாமல் இடையில் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. நான் எழுதிய நடைக் கணக்குப் புத்தகங்களில் அந்த எட்டு மணி நேரத்துக்கென்று ஒரு கட்டம்கூட இருந்ததில்லை. ஓட்டுநரின் சிறுநீரைச் சோதிக்கும் அதிகாரிகள் அந்தப் புத்தகத்தையும் வாங்கிப் பார்க்கட்டும்.

ஆகவே அரசை நான் கேட்பது இது. கொள்முதல் காலத்தில் கிடங்கு வாசல்களிலும், டேங்கர் லாரிகள் நிற்கும் இடங்களிலும் வாரம் ஒருநாள் மருத்துவக் குழுவை அனுப்பிக் கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கலாம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளிலும் இதைச் செய்யலாம். காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி லாரிகளுக்குப் புதுச்சேரி அரசிடம் தனியே கேட்க வேண்டியிருக்கும். ஓட்டுநரை நேரில் பார்த்த அரசு மருத்துவரின் சான்றை மட்டுமே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஏற்க வேண்டும். கண்ணாடிக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவையும், அன்றைய நடைக் கூலியையும் லாரி உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று ஆணையில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அது ஓட்டுநரின் பேட்டாவில்தான் பிடிக்கப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர்,
நீடாமங்கலம்.