ஆண்டறிக்கை: பழைய டிவி கேம் பெட்டிக்குப் புதிய கேசட்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பழைய டிவி கேம் பெட்டிகளில் ஓடும் விளையாட்டுகளை நாமே எழுதி, கேசட்டும் செய்யும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் இங்கே ரூபாய்க் கணக்கு இல்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எமுலேட்டரில் (கணினியில் பெட்டியைப் போலவே நடிக்கும் நிரலில்) ஓடும் விளையாட்டை இனி 'முடிந்தது' எனக் கணக்கில் சேர்ப்பதில்லை. சங்க அலமாரியில் இருக்கும் பெட்டியில், டியூப் டிவியில், அரை மணி நேரம் விடாமல் ஓடினால்தான் சேரும். கையைத் தூக்கும்போது எல்லோருக்கும் இது சின்ன விஷயமாகத்தான் பட்டது. இந்த ஆண்டு நடந்த வேலையில் முக்கால்வாசி அந்த ஒரு வரியால் வந்தது.

எந்தப் பெட்டி?

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வெளிவந்தது. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்றவற்றில் பெரும்பாலானவை அதன் நகல்கள். 60 முனைக் கேசட் போடும் ரகம். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான நெஸ் பெட்டியில் இருக்கும், வெளியார் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப் இவற்றில் இல்லை. நாம் செய்யும் கேசட் எந்தத் தடையும் இல்லாமல் ஏறும். அது ஒரு வசதி.

பெட்டியைத் திறந்ததும் சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யுஏ6527பி, யுஏ6538 என இரண்டு பெரிய சிப்புகள் இருந்தால் அது யுஎம்சி கம்பெனி செய்த ஜோடி: முதலாவது நிரலை ஓட்டும் சிபியு, இரண்டாவது படம் வரையும் பிபியு. சிப்பே தெரியாமல் கறுப்புப் பிசின் பொட்டு மட்டும் இருந்தால் எல்லாமே அந்தப் பொட்டுக்குள். அதைப் பழுது பார்க்க முடியாது. சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

50 ஹெர்ட்ஸ் பொறி

இந்த ஆண்டின் பெரிய தலைவலி இதுதான், எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் டிவி பால் முறை, பெட்டி அதற்கு நொடிக்கு 50 ஃபிரேம் (திரை முழுவதற்கும் ஒரு படம்) அனுப்பும். அதனால் உறுப்பினர்கள் எமுலேட்டரில் 'பால்' என்று தேர்ந்தெடுத்து எழுதினார்கள். எமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடியது. பெட்டியில் போட்டதும் திரையின் மேல்பகுதியில் குப்பை.

காரணம் இதுதான். அசல் ஐரோப்பிய பால் பெட்டியில் ஒரு ஃபிரேமுக்கு 312 வரிகள். அதில் 240 படத்துக்கு, அடுத்து 70 வரிகள் விபிளாங்க். திரையில் மாற்றம் செய்ய அனுமதி உள்ள நேரம் அது. சுமார் 7,459 சிபியு சைக்கிள் (சிபியுவின் ஒரு துடிப்பு) கிடைக்கும். யுஎம்சி ஜோடியிலும் 312 வரிகள்தான். ஆனால் படம் முடிந்ததும் அது 51 வரிகள் சும்மா இருந்துவிட்டு, அதற்குப் பிறகே விபிளாங்க் தொடங்கிவிட்டது என்ற குறுக்கீட்டைச் சிபியுவுக்குத் தருகிறது. மிச்சம் 20 வரிகள், சுமார் 2,273 சைக்கிள். ஜப்பானிய 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் கிடைக்கும் அதே அளவு. ஜப்பானிய விளையாட்டுகள் மாற்றமில்லாமல் ஓடட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள், புத்திசாலித்தனமான வேலை. ஏழாயிரத்தை நம்பி எழுதியவன் இரண்டாயிரத்தில் மாட்டிக்கொள்கிறான். மெசன், எஃப்சிஇயுஎக்ஸ் என்ற எமுலேட்டர்கள் இரண்டிலும் 'டெண்டி' என்றொரு தேர்வு உண்டு. ரஷ்யாவில் விற்ற நகலின் பெயர் அது. நம் பெட்டியின் நேரக்கணக்கும் அதுவே. எமுலேட்டரில் இனி டெண்டியைத் தவிர வேறு தேர்வு வேண்டாம்.

இசையிலும் இதே குழப்பம் வந்தது. யுஎம்சி சிபியு 1.773 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஜப்பானியப் பெட்டி 1.790, ஐரோப்பிய பால் 1.663. ஐரோப்பிய பால் அட்டவணையை வைத்து ஸ்வரம் போட்டால் நம் பெட்டியில் அரை ஸ்வரத்துக்கும் சற்று மேலே ஏறிவிடும். ஜப்பானிய அட்டவணை என்றால் காதுக்குத் தெரியாத அளவே இறங்கும். ஆனால் தாளம் ஃபிரேம் கணக்கில் நடப்பதால் 60-க்கு எழுதிய பாட்டு 50-இல் ஆறில் ஒரு பங்கு மந்தமாகிவிடும். ஆகவே ஸ்வர அட்டவணை 60 ஹெர்ட்ஸ் பெட்டிக்குரியது, வேகம் 50-க்குரியது என்று கலந்து வைக்க வேண்டும். யுஎம்சி சிப்புகள் சிலவற்றில் சதுர அலையின் 25, 50 விழுக்காட்டு அமைப்புகள் இடம் மாறியும் இருக்கும். குரல் தடித்தோ மெலிந்தோ கேட்டால் பாட்டை எழுதியவரைத் திட்ட வேண்டாம்.

இன்னொன்று: பெட்டியை ஆன் செய்தவுடன் உள்ளே இருக்கும் 2 கிலோபைட் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) கண்டதெல்லாம் கிடக்கும். பல எமுலேட்டர்கள் அதைப் பூஜ்யமாக்கித் தருவதால் பிழை வெளியே தெரியாது. மெசனில் ராமை எழுந்தமானமாக நிரப்பும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டே சோதிக்கவும். பிபியு விழித்தெழ ஏறத்தாழ ஒரு ஃபிரேம் ஆகும். இரண்டு விபிளாங்க் காத்திருந்து, அந்த இடைவெளியில் ராமைத் துடைத்துவிட்டு, பிறகுதான் பிபியுவின் பதிவேடுகளை (அதற்குக் கட்டளை எழுதும் முகவரிகளை) தொட வேண்டும்.

தமிழ் எழுத்து

திரையில் தமிழ் வர வேண்டும் என்பது உறுப்பினர்கள் பலரின் நெடுநாள் ஆசை. பிபியு 8×8 புள்ளி ஓடுகளால் படம் போடுகிறது. பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 ஓடுகள், ஒவ்வொன்றும் 16 பைட். ஆங்கில எழுத்துக்கு ஓர் ஓடு போதும். 'ண' 8 புள்ளி அகலத்தில் அடங்காது. அடக்கினால் 'ன' போலத் தெரியும். எனவே 16×16 கட்டம், அதாவது எழுத்துக்கு 4 ஓடு என்று தொடங்கினோம்.

கணக்குப் போட்டால் உடனே இடிக்கிறது. மெய்யின் அகர வடிவம் 18-க்கு 72 ஓடு. உகர, ஊகார வடிவங்கள் எழுத்துக்கு எழுத்து மாறும். 'கு'வின் வால் 'து'வுக்குப் பொருந்தாது, 'ணு'வுக்கு இரண்டுமே பொருந்தாது. ஆக 36 எழுத்து, 144 ஓடு. உயிர் 12-க்கு 48. இதற்கே 264 ஆகிவிட்டது. இகரம், ஈகாரம், புள்ளி, ஆய்தம், எண்கள் எதையும் இன்னும் தொடவில்லை. கொம்பும் காலும் மட்டும் நல்லவர்கள்; தனி ஓடாக நின்றுகொள்வார்கள், 8 புள்ளி அகலம் போதும். 'ர', 'ட', 'ப' மூன்றும் 8-இல் அடங்கும்.

புள்ளியை ஸ்பிரைட்டாக (பின்னணிக்கு மேல் தனியே நகரும் சிறு படமாக) மேலே மிதக்கவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. பார்க்க அழகாக வந்தது. ஆனால் பிபியு ஒரு கிடைவரியில் 8 ஸ்பிரைட்டுக்கு மேல் வரையாது. நீளமான வரியில் ஒன்பதாவது புள்ளி வந்ததும் அது காணாமல் போய், 'பட்டம்' என்பது 'பட்டம' ஆகிவிட்டது. அந்த வழியைக் கைவிட்டோம். இப்போது புள்ளி மேல் ஓட்டிலேயே சேர்த்து வரையப்படுகிறது.

இறுதியில் நிலைத்த முறை இது: விளையாட்டில் வரும் வசனம் முழுவதையும் ஒரு சிறிய நிரல் படித்து, பயன்பட்ட எழுத்துகளை மட்டும் பொறுக்கி, ஒரே மாதிரி ஓடுகளை ஒன்றாக்கும். 'க', 'கு', 'கூ' மூன்றுக்கும் மேல் ஓடுகள் பொது என்பதால் நிறையவே மிச்சமாகிறது. வசனம் அதிகமுள்ள விளையாட்டுக்கு ஓட்டுப்படம் ராமில் இருக்கும் கேசட் போர்டைப் பயன்படுத்தி, தேவைப்படும் எழுத்தை அப்போதைக்கப்போது ஏற்றுகிறோம். ஓர் எழுத்துக்கு 64 பைட். 2,273 சைக்கிளில் ஸ்பிரைட் பட்டியலை $4014 வழியாக ($ குறி இட்டவை சிபியு எழுதும் முகவரிகள்) அனுப்ப 513 போகும். மிச்சம் ஏறத்தாழ 1,760. சாதாரண லூப்பில் ஒரு பைட்டை $2007-க்கு எழுத 15 சைக்கிள் ஆகும். அதாவது 110 பைட்டுக்குச் சற்று மேல். ஃபிரேமுக்கு ஓர் எழுத்து நிம்மதியாகப் போகும். வசனம் எழுத்தெழுத்தாகத் தோன்றும் அந்தப் பாணிக்கு இதுவே போதும். லூப்பை விரித்து எழுதினால் பைட்டுக்கு 8 சைக்கிள். இரண்டு எழுத்து தாராளமாகப் போகும். முடிந்ததும் $2000-ஐயும் $2005-ஐயும் மறுபடி எழுத மறக்கக் கூடாது. மறந்தால் திரை எங்கோ தாவி நிற்கும்.

டியூப் டிவி மேலும் கீழும் சில வரிகளை விழுங்கும். முதல் ஓட்டு வரியிலும் கடைசி ஓட்டு வரியிலும் எழுத்து வைக்க வேண்டாம்.

கேசட் போர்டு

இந்த ஆண்டு இரண்டு வகைப் போர்டு வரைந்தோம். முதலாவது எளியது: 32 கிலோபைட் நிரலுக்கு 27சி256, 8 கிலோபைட் படத்துக்கு 27சி64 (இரண்டும் ஈப்ரம், அதாவது மின்சாரம் போனாலும் எழுதியதை வைத்திருக்கும் சிப்), ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் 104 என்று குறித்த செராமிக் கெபாசிட்டர் ஒன்று. சிப் 150 நானோசெகண்ட் அல்லது அதைவிட வேகமானதாக இருக்கட்டும். நிரல் சிப்பின் 20-ஆம் கால் கேசட்டின் 44-ஆம் முனைக்கு, 22-ஆம் கால் தரைக்கு. படச் சிப்பின் 20-ஆம் கால் 56-க்கு, 22-ஆம் கால் 17-க்கு. 48-ஐயும் 49-ஐயும் இணைக்க வேண்டும். 18-ஆம் முனையை 53-உடன் சேர்த்தால் பக்கவாட்டில் நகரும் விளையாட்டுக்கு ஏற்றது. 54-உடன் சேர்த்தால் மேலும் கீழும் நகர்வதற்கு. 45, 46 இரண்டையும் இணைக்காவிட்டால் அசல் ஃபேமிகாமில் ஒலியே வராது. சில நகல்களில் உள்ளேயே இணைப்பு இருப்பதால் இந்தத் தவறு நம் பெட்டியில் தெரியாமல் போகலாம்.

போர்டு தடிமன் 1.2 மில்லிமீட்டர். ஆர்டர் படிவத்தில் எதையும் மாற்றாமல் விட்டால் 1.6 வந்து சேரும். முதல் தவணை அப்படித்தான் வந்தது. ஏறத்தான் செய்தது, ஆனால் பெட்டியின் சாக்கெட்டுத் தகடுகளை விரித்துவிட்டது. அதற்குப் பிறகு மெல்லிய பழைய கேசட் அதில் தொடுவதில்லை. அந்தப் போர்டுகளைச் சால்டரிங் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டோம். விளிம்பைச் சரிவாகச் சீவித் தரச் சொல்வதும், முனைகளுக்கு ஈயப் பூச்சு வேண்டாம், தங்கப் பூச்சு வேண்டும் என்று எழுதுவதும் இனி கட்டாயம்.

ஜன்னல் வைத்த ஈப்ரமை அழிக்கப் புறஊதா விளக்கில் 15 முதல் 20 நிமிடம் ஆகிறது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய சிப்புகளில் அழித்தும் முழுதாகக் காலியாகாதவை உண்டு. எழுதுமுன் காலியா என்று சோதிக்கவும். மின்சாரத்தாலேயே அழியும் டபிள்யூ27சி512 வந்த பிறகு வேலை எளிதானது, கூடவே ஒரு புதுப் பிழையும் வந்தது. 27சி256-இல் முதல் கால் எழுதும் மின்னழுத்தத்துக்கு. போர்டில் அது 5 வோல்ட்டில் கட்டப்பட்டிருக்கிறது. டபிள்யூ27சி512-இல் அதே கால் முகவரிக் கோடு. எனவே பெட்டி எப்போதும் மேல் பாதியைத்தான் படிக்கும். 32 கிலோபைட் கோப்பை இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதினால் தீர்ந்தது.

கறுப்புத் திரை என்று கொண்டுவரப்பட்ட கேசட்டுகளில் அடிக்கடி கண்ட காரணம் இன்னும் சாதாரணமானது. எமுலேட்டர் கோப்பின் முதல் 16 பைட் தலைப்பு. அதை வெட்டாமல் சிப்பில் எழுதினால் எல்லாம் 16 பைட் தள்ளிப்போகும். சிபியு ஆரம்பிக்க வேண்டிய முகவரி நிரலின் கடைசி 6 பைட்டுக்குள் இருக்கிறது. அது சிப்புக்கு வெளியே விழுந்துவிடும். தலைப்பை நீக்கி, அடுத்த 32,768 பைட்டை நிரல் சிப்பிலும், அதற்கடுத்த 8,192 பைட்டை படச் சிப்பிலும் எழுத வேண்டும்.

இரண்டாவது போர்டு 128 கிலோபைட் நிரல், 8 கிலோபைட் ஓட்டு ராம், பக்கம் (நிரலில் சிபியு அப்போது பார்க்கும் துண்டு) மாற்ற 74எச்சி161, 74எச்சி32 என்ற இரண்டு சிறு சிப்புகள். இதில் ஒரு சூட்சுமம். பக்க எண்ணை எழுதும் அதே கணத்தில் படிக்க மட்டுமே உள்ள நிரல் சிப்பும் தன் பைட்டை அதே கம்பிகளில் வைக்கிறது, இரண்டும் முட்டிக்கொள்ளும். மாறாத கடைசிப் பக்கத்தில் 0 முதல் 7 வரை ஒரு சிறு அட்டவணை வைத்து, எந்த எண் வேண்டுமோ அதே எண் இருக்கும் இடத்தில் எழுதினால் சண்டை இல்லை. எமுலேட்டர்கள் பல இதைக் கண்டுகொள்வதில்லை. பெட்டி கண்டுகொள்ளும், அதுவும் வெயில் நாளில் ஒரு மாதிரி, மழை நாளில் ஒரு மாதிரி.

பழுது பார்த்தல்

அடாப்டர்: பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று மல்டிமீட்டரில் பார்க்காமல் எந்தப் பெட்டியிலும் சொருகக் கூடாது. 9 வோல்ட் என்று போட்டிருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் சுமை இல்லாதபோது 12, 13 காட்டும், அது பழுதல்ல. உள்ளே மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 சிப், 9 வோல்ட்டில் 400 மில்லிஆம்பியர் இழுத்தால் 1.6 வாட் சூடாகும். அதன் சூட்டை வாங்கும் தகடு கழன்ற பெட்டிகள் பத்து நிமிடத்தில் நின்றுபோவது இதனால்தான்.

கையில் பிடித்து ஆடும் பேட் வேலை செய்யாவிட்டால் சிப்பைச் சந்தேகிக்கும் முன் கேபிளின் 5 கம்பிகளைப் பெட்டிப் பக்கத்து வளைவில் சோதிக்கவும். படத்தில் செங்குத்துக் கோடுகள் ஓடினால், பிபியுவின் 21-ஆம் காலை (படம் வெளிவரும் கால்) போர்டிலிருந்து தூக்கி, ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் வழியாக நேரே வெளியே எடுத்தால் பெருமளவு குறையும். கேசட் முனைகளுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும். ஊதக் கூடாது. 1990-களில் ஊதிய அனைவருக்கும் பொதுமன்னிப்பு உண்டு; எச்சில் ஈரம் தகட்டை அரிக்கிறது என்பது அதனால் மாறாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு

ஒன்று, போர்டு ஆர்டரை அனுப்புமுன் தடிமன், பூச்சு, முனை எண்கள் ஆகியவற்றை வரைந்தவர் அல்லாத ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டு, சங்கத்தின் புரோகிராமரில் (சிப்பில் எழுதும் கருவியில்) பிறருடைய விளையாட்டை நகலெடுத்து விற்பனைக்குக் கேசட் எழுதக் கூடாது. மூன்று, எழுத்து பொறுக்கும் நிரலையும் தமிழ் ஓடுகளையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிட அனுமதி வேண்டும்.

நிலுவையில் இருப்பவை: இரண்டாவது போர்டின் ஓட்டு ராம், ஆன் செய்த முதல் நொடியில் சில பெட்டிகளில் பழைய படத்தைக் காட்டுகிறது, தொடக்கத்திலேயே 8 கிலோபைட்டையும் துடைக்கும் திருத்தம் சோதனையில் இருக்கிறது. டியூப் டிவி இரண்டில் ஒன்றின் பிக்சர் டியூப் மங்கிவிட்டது. நல்ல நிலையில் 14 அங்குல டிவி வைத்திருப்போர் தெரிவிக்கவும். தூக்கிவர ஆள் அனுப்பப்படும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்